மிதிக்குள் செருப்பு

என் அக்கா லுணுகலையில் போட்டோகாப்பி கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, விண்ணப்பம், கோயில் திருவிழா அறிவித்தல் எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பாள். போன மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்து இடக்கை உடைந்தது. எலும்பு கூடினாலும் விரல்கள் மடங்கவில்லை. தமிழ் அடிப்பவருக்கு ஷிப்ட் விசை இல்லாமல் ஒரு வரி நகராது. ஷிப்டை ஒருமுறை தட்டினால் அழுத்தியபடியே நிற்கும் வசதியை நான் போட்டுக் கொடுத்தேன். அவள் வேகத்துக்கு அது ஒத்துவரவில்லை.

"கால் ரெண்டும் சும்மாதானே இருக்கு?" என்றாள்.

பதுளையில் நான் மென்பொருள் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு பழைய சாமான் கடையில் கணினியில் செருகும் மிதிகட்டை ஒன்று கிடைத்தது. அக்காவின் லினக்ஸ் கணினிக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இயங்குதளத்தின் நடுவிலிருந்து எல்லாவற்றையும் நடத்தும் பகுதியைக் கர்னல் என்போம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய சிறு நிரல்தான் மாட்யூல். மிதிகட்டைக்காக அப்படி ஒன்றை நானே எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடையிலேயே வேலை நடந்தது. மாட்யூலுக்கு 'மிதி' என்று பெயர் வைத்தேன். நிரல் இரண்டு கோப்புகளில் இருந்தது. மிதிகட்டையைக் கவனிக்கும் கோப்புக்கும் மிதி என்றே பெயர். ஷிப்டை அனுப்புவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஒரே மாட்யூலாகக் கட்டும்போது பிழை வந்தது. திருத்தித் திருத்திப் பார்த்தும் போகவில்லை. கடைசியில் செய்தியை நிதானமாக வாசித்தேன். மிதியைக் கட்ட மிதி வேண்டும் என்று அது தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது. பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் மாட்யூலின் பெயர் அதற்குள்ளிருக்கும் கோப்புக்கு இருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், பெயர் பிடித்துப்போனதில் மறந்துவிட்டேன்.

"உள்ள இருக்கிறதுக்கு வேற பேர் வைக்கணும். சொல்லு," என்றேன்.

அக்கா யோசிக்கவே இல்லை. "செருப்புன்னு வையி."

"கர்னலுக்குள்ள செருப்பா?"

"கால்ல போடுறதுதானே. வையி, பாப்போம்."

வைத்தேன். மறுபடி கட்டினேன். இந்த முறை பிழையில்லை. மாட்யூலைக் கர்னலில் ஏற்றியதும் அக்கா காலை மிதிகட்டையில் வைத்து, வலக்கையால் ஒரு எழுத்தைத் தட்டினாள். ஷிப்டோடு வர வேண்டிய எழுத்து சரியாக வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்காக இன்னும் பத்து மாட்யூல் எழுதலாம்.

அந்த நேரம் பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க ஒரு பெரியவர் வந்தார். அக்கா காலும் கையுமாக அடிக்க, அவர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.

"தையல் மெஷின் வாங்கிட்டீங்களா, மகள்?"

"ஆமாங்க ஐயா. எழுத்துத் தைக்கிற மெஷின்," என்றாள் அக்கா. பெரியவர் சிரித்ததில் அவர் கொண்டுவந்த தாள் கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் நிமிர்ந்தபோது, பத்திரிகையின் முதல் பத்தி திரையில் முடிந்திருந்தது.

கர்னல் புதிதாக மாறும்போதெல்லாம் மாட்யூலையும் அதற்கேற்ப மறுபடி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மிதிகட்டை வேலை செய்யாது. அந்தக் கட்டுதலைத் தானாக நடக்கும்படி செய்துவிடலாம், பெரிய வேலையில்லை. நான் இன்னும் செய்யவில்லை. "செருப்பு அறுந்திருச்சு, வா," என்று அக்கா போன் பண்ணுவாள். நான் லுணுகலை பஸ்ஸைப் பிடிப்பேன். போய்ச் சேரும்போது ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் தயாராக இருக்கும்.