எத்தனை பேர் வந்தாலும் மூன்று யூரோ

“இலவசமாக விட்டும் யாரும் வராத ஆட்டத்துக்கு நீ காசு கேட்கப் போகிறாயா?” என்று விளையாட்டுப் பொறுப்பாளன் சிரித்தான். அவனும் மாணவன்தான். பல்கலைக்கழக மைதானங்களை அணிகளுக்குப் பங்கிடுகிற வேலை அவனிடம் இருந்தது. நான் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் எங்களுக்கு இரண்டு மைதானங்கள். மேலே இருந்தது புல்தரை. பார்வையாளர் உட்காரப் படிவரிசையும் உண்டு. கீழே இருந்தது சிவப்புச் சல்லித்தூள் பரப்பிய தரை. அங்கே விழுந்தால் முழங்காலில் இருந்து தூளைப் பொறுக்கி எடுக்கவேண்டும். அடுத்த பருவத்தில் பெண்கள் கீழே போகவேண்டும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். எங்கள் ஆட்டங்களின்போது படிவரிசை காலியாகக் கிடக்கிறதாம். மீதமிருக்கும் இரண்டு ஆட்டங்களில் ஒன்றிலாவது அது நிரம்பினால் புல்தரை உங்களுக்கே என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். நிரம்பாது என்ற நம்பிக்கையில் சொன்னான்.

நிரப்பிக் காட்டுகிறேன் என்றேன்.

நான் படித்தது பொருளியல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பை மன்னாரில் சண்டை நிறுத்தியது. அம்மாவின் படிப்பை வீட்டுவேலை நிறுத்தியது. அதனால் வகுப்பில் கற்ற எதையும் நான் வீணாக்குவதில்லை. இலவசமாகக் கிடைத்ததை மழை தூறினால் விட்டுவிடலாம். காசு கொடுத்து வாங்கியதை விட மனம் வராது. அப்படி நினைத்துத் தலைக்கு இரண்டு யூரோ என்று விலை வைத்தேன்.

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து ஆட்கள் கோப்பி குடிக்கும் மண்டபத்தில் விற்றேன்.

“பொம்பிளைப் பிள்ளையள் பந்தடிக்கிறதுக்கு ரிக்கற்றோ?” என்று கேட்டார் எங்கள் தெருவில் இருந்த மாமி.

“ஓம் மாமி. இரண்டு யூரோ.”

“காற்சட்டையோடயே ஓடுறனீங்கள்?”

“சீலையோட ஓட ஏலாது மாமி.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமி முகத்தைச் சுளித்தபடியே நாலு சீட்டு எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். ஒரு சீட்டுக்கூட மிஞ்சவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். படிவரிசையின் நடுவில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். “எல்லாம் விற்றுவிட்டதாமே!” என்று பொறுப்பாளன் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“மாமி, ரிக்கற் எடுத்தனீங்கள். ஏன் வரேல்லை?”

“அதுதான் எடுத்தனே பிள்ளை!” என்றார். குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது விளங்கியது. எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். நாடகம், நடனம், கலைவிழா என்று யார் வீட்டுப் பிள்ளை சீட்டோடு வந்தாலும் அம்மா வாங்குவார். வாங்கியதோடு கடமை முடிந்துவிடும். என்னிடமும் எல்லோரும் வராமல் இருப்பதற்கே காசு கொடுத்திருந்தார்கள். எந்தப் பேராசிரியரும் இதை எனக்குச் சொல்லித்தந்ததில்லை. சரி, அதையும் சேர்த்து நானே விலை போடுகிறேன் என்று நினைத்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு முன்கூட்டிய விற்பனை இல்லை. வாசலில் மட்டும் சீட்டு. தனியாக வந்தால் மூன்று யூரோ. குடும்பமாக வந்தால், எத்தனை பேர் என்றாலும், அதே மூன்று யூரோ. இரண்டு பேரோடு வருகிறவருக்கு நட்டப்படுகிறோமே என்று தோன்றவேண்டும்.

“குடும்பம் என்றால் யார்? எத்தனை பிள்ளைகள்? என்ன வயது? விதி வேண்டும்” என்றான் பொறுப்பாளன்.

“சேர்ந்து வந்தால் குடும்பம்.”

“அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது.”

“எங்கள் வீட்டில் உண்டு.”

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமி பணப்பையைத் திறந்தார்.

“இந்தா பிள்ளை, ஒண்டு தா.”

“இஞ்சை விக்கிறேல்லை மாமி. அங்க வந்தாத்தான் ரிக்கற்.”

“இப்ப தந்தா என்ன?”

“ஏலாது மாமி.”

“படிச்ச திமிர்.”

“ஓம் மாமி.”

அம்மா என் முதுகில் கிள்ளினார். “பெரியாக்களோட இப்பிடியே கதைக்கிறது?” நான் அசையவில்லை. படிப்பதற்கு நான் பட்ட பாட்டுக்குக் கொஞ்சம் திமிர் வரத்தான் செய்யும்.

சனிக்கிழமை முதலில் வந்தது அதே மாமிதான். கணவர், மகள்மார், ஹம் நகரத்தில் இருந்து ரயிலில் வந்த தங்கையின் குடும்பம், மேல்வீட்டுத் துருக்கித் தம்பதி எல்லோரும் பின்னால் நின்றார்கள். தின்பதற்குப் பெரிய சட்டியில் ரோல்ஸ் வேறு.

“எல்லாரும் ஒரு குடும்பமோ மாமி?”

“நீதானே சொன்னனீ, எத்தினை பேரெண்டாலும் எண்டு. காசைப் பிடி.”

அவருக்குப் பின்னால் மாணவர் விடுதியின் ஒரு மாடி முழுவதும் கைகோத்துக்கொண்டு வந்தது. இந்தக் குடும்பத்துக்கு அம்மா யார் என்று கேட்டேன். தாடிக்காரன் ஒருவன் கையை உயர்த்தினான். தனியாக வந்தவர்கள் வாசலிலேயே நின்று, முன்பின் தெரியாதவர்களைப் பிடித்துக் குடும்பம் சேர்த்தார்கள். படிவரிசை நிரம்பி, வேலி ஓரத்திலும் ஆட்கள் நின்றார்கள்.

ஆட்டத்தில் தோற்றோம். பொறுப்பாளன் என்னிடம் வந்தான்.

“போன முறையைவிடக் குறைந்த காசுதான் சேர்ந்திருக்கிறது. பாதிப்பேர் மாணவர்களே இல்லை.”

“நிரம்பவேண்டும் என்றாய். காசு என்றோ மாணவர் என்றோ சொல்லவில்லை.”

“யோசித்துச் சொல்கிறேன்.”

“எல்லோர் முன்னாலும் சொன்னாய். இப்போதும் எல்லோரும் இருக்கிறார்கள். திரும்பச் சொல்.”

மேலே இருந்து மாமி கத்தினார். “என்னவாம் பிள்ளை அவர்?”

“புல்லு மைதானம் தரமாட்டாராம் மாமி!”

“ஏனாம்? நாங்கள் காசு குடுத்தெல்லே வந்தனாங்கள்!”

மாமி படியிறங்கினார். அவருடைய குடும்பமும் இறங்கியது. என்ன விஷயம் என்று தெரியாமலே விடுதிக் குடும்பமும் இறங்கியது. பொறுப்பாளன் இரண்டு கைகளையும் தூக்கினான்.

“சரி, சரி. புல்தரை உங்களுக்கே.”

எங்கள் அணியில் பாதிப்பேர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, அவனை இன்னொரு முறை சத்தமாகச் சொல்லவைத்தேன். நன்றி சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்கு விலையை நாலு யூரோ ஆக்கினேன்.