நிறைகுடமும் ஒற்றைக் கண்ணும்

இளம்பிள்ளைவாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனபோது எனக்கு மூன்று வயது. போன பிறப்பில் யாரையோ உதைத்த கால் என்று கோயில் ஐயர் அம்மாவிடம் சொன்னாராம். அம்மா வெள்ளியில் ஒரு குட்டிக் கால் செய்து நேர்த்தி வைத்தார். அது உண்டியலுக்குள் போனது. என்னுடையது அப்படியே இருந்தது. வளர்ந்த பிறகு இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். மூடநம்பிக்கை இல்லாத ஆள் என்று வேலைசெய்யும் கந்தோரில் எனக்குப் பேர். அந்தப் பேரைப் பரப்பியவன் நான்தான்.

ஆனால் எதிர்வீட்டு அக்காவில் எனக்குத் தீராத கோபம் இருந்தது. சின்ன வயதில் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்து ஒரு கண் போனவர். காலையில் நான் தெருவாசல் படலையைத் திறந்தால் போதும், விறுக்கென்று உள்ளே போய்விடுவார். விடிந்ததும் நொண்டியைக் கண்டால் முழிவியளம் சரியில்லை, அன்றைய நாள் கெட்டது என்று நினைக்கிறார் என்றே மூன்று வருடமாக நம்பினேன். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு எடுப்பா என்று எனக்குள் பொருமுவேன்.

துறைமுகக் களஞ்சியத்தில் அப்போது நான் தற்காலிக கிளாக்கர். நிரந்தரமாவதற்கு, உடம்பு வேலைக்குத் தகும் என்று டொக்டர் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் மாதத்தில் ஒரு நாள்தான் குடாவின் அக்கரைக் களஞ்சியத்துக்கு வருவார். இந்த மாதம் விட்டால் அடுத்த மாதம். அதையும் விட்டால் வேலை போய்விடும். ஏழரைக்கு ஜெட்டியிலிருந்து லோஞ்ச், அக்கரைக்குப் போகும் மோட்டார்ப் படகு. என் கால் டொக்டரிடம் என்ன சொல்லப்போகிறதோ தெரியாது. சட்டையாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று முதல்நாளே இஸ்திரி போட்டு வைத்தேன்.

அன்று வழக்கத்தைவிட முந்திப் படலையைத் திறந்தேன். நேரெதிரே அக்கா, தெருக் குழாயிலிருந்து இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். ஒழுங்கையில் ஒதுங்க இடமில்லை. மூடநம்பிக்கை இல்லாதவன் நின்று யோசித்தேன். நிறைகுடம் நல்ல சகுனம். ஒற்றைக் கண் கெட்ட சகுனம். இரண்டும் ஒரே ஆளில் வந்தால் என்ன பலன்? எந்தப் பஞ்சாங்கத்திலும் இதைக் கண்டதாக நினைவில்லை. எட்டிக் குடத்துக்குள் பார்த்தேன். விளிம்புக்கு நாலு விரல் குறைவாக இருந்தது. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டேன்.

சகுனப் பிழை கழிய, முறைப்படி கதிரையில் சற்று நேரம் இருந்தேன். தண்ணீர் குடித்தேன். திருநீறு பூசினேன். போதாதென்று இன்னொரு தரமும் பூசினேன். ஜெட்டிக்கு வந்து சேர்ந்தபோது லோஞ்ச் புறப்பட்டு நாலு பாகத் தூரம் தள்ளிப் போயிருந்தது. மூதூர்க்காரரான லோஞ்ச்காரர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"தம்பி, உங்களுக்காகப் பத்து நிமிசம் நிண்டனான். இனி ஏலாது!"

அன்று முழுக்கக் கந்தோரில் எல்லாருக்கும் அந்த ஒற்றைக் கண்ணின் கதையைத்தான் சொன்னேன்.

பின்னேரம் அக்கா என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். நான் எழும்பவில்லை. சூம்பிய காலைக் கதிரைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டேன்.

"தம்பி, போன காரியம் சரிவந்ததோ?"

"இல்லை" என்றேன், வெடுக்கென்று.

அவர் முகம் வாடிவிட்டது. "என்னாலதான். உங்கட படலைச் சத்தம் கேட்டா நான் உள்ளுக்குப் போயிடுவன். வேலைக்குப் போற பிள்ளை என்ர முகத்தில முழிக்கக் கூடாது. இண்டைக்கு நீங்கள் வெள்ளன வெளிக்கிடுவீங்களெண்டு தெரியாமப் போச்சு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உங்களால் இல்லை அக்கா, பிழை என்னில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று வருடமாக நான் நினைத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"திரும்ப எப்ப போவீங்கள்? சொன்னீங்களெண்டா, அண்டைக்கு நான் வெளியில வரமாட்டன்."

"வாற மாதம், முதல் செவ்வாய்க்கிழமை" என்றேன். "ஏழு மணிக்கு."