மாயவன் இல்லாத மேடை

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் சங்கராபுரம் வட்டாரத்தில் எக்கோ வைத்த ஆம்ப்ளிஃபயரை முதலில் வாங்கியவன் இந்தக் கந்தசாமிதான். கல்வராயன் மலை மேலே குழாய் ஸ்பீக்கரைத் தலையில் சுமந்துபோய்க் கட்டியிருக்கிறேன். எத்தனையோ பேர் என் மைக்கில் பாடினார்கள். மாயவன் தொண்டை மாதிரி ஒரு தொண்டை இல்லை. இதை எவன் முன்னாலும் சொல்லுவேன்.

மாயவன் பாட்டு வாத்தியாரிடம் போனவனில்லை. பகலெல்லாம் கரும்பு வெட்டுவான். கச்சேரி இருந்தால் குளித்துவிட்டு மணிமுக்தா இன்னிசைக் குழுவில் பாட வந்துவிடுவான். குழுவை நடத்திய தெய்வசிகாமணி நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. ஆர்கன் வாசிப்பார். அவர் ஊர், இவன் காலனி. அப்படியும் எட்டு வருஷம் ஒரே வேனில் போனார்கள். ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். அதோடு ஊருக்கும் காலனிக்கும் அடிதடியாகிப் பேச்சு நின்றது. குழுவும் கலைந்தது.

இரண்டு வருஷம் கழித்து வடக்கனந்தலில் சிகாமணியின் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. குழு மறுபடி சேர்கிறது என்றார்கள். வாசிக்கிறவர்கள் எல்லாம் பழைய ஆட்கள். பாட மட்டும் அருள்மொழி என்று கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு புதுப் பையன். மாயவனை மேடையேற்றினால் சொந்தக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று சிகாமணிக்குப் பயம். பொழுது சாய்வதற்குள் முடிக்கச் சொல்லிப் போலீஸ் உத்தரவு. அதனால் மூன்று மணிக்கே கச்சேரி.

கூப்பிடாமலே என் பக்கத்தில் வந்து நின்றான் மாயவன்.

"இன்னாடா, யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணா. உங்க மைக் செட்டு பொட்டிக்குப் பின்னால குந்திகினு கேட்டுட்டுப் போயிடறேன்."

"பின்னால இன்னாத்துக்கு? சிங்கம் மாதிரி முன்னால குந்து."

"சிங்கத்தத்தான் மொதல்ல வெரட்டுவாங்க," என்று சிரித்தான்.

வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மைக் செட்டுக்காரனிடம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் எழுத்துக் கூட்டிப் படித்தால் கச்சேரியே முடிந்துவிடும். வந்த சீட்டையெல்லாம் மாயவனிடம் நீட்டினேன். அவன் படிக்க, நான் மேடைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்துச் சீட்டு கொடுத்தால் மூன்றுதான் படித்தான். மீதி அவன் சட்டைப் பைக்குள் போயின. பிடுங்கிப் பார்த்தேன். 'மா' எனக்குத் தெரியாத எழுத்தா? எல்லாச் சீட்டிலும் அதுதான் முன்னால் நின்றது.

"டேய், உன்னத்தான்டா பாடச் சொல்றாங்க!"

"தெரியும்ணா. குடுக்காதீங்க. அந்தப் பையன் மனசு ஒடஞ்சிடும்."

நான் ஒருத்தன் சொல்லிக் கேட்கிறவனா? ஒரு சீட்டை நேரே சிகாமணி கையில் கொடுத்தேன். படித்தார். என் பெட்டிப் பக்கம் திரும்பினார். மாயவனைப் பார்த்துவிட்டார். கை தானாகச் சீட்டில் கேட்ட பாட்டை ஆர்கனில் எடுத்தது, மாயவன் பாடுகிற இரண்டரைக் கட்டைச் சுருதியில்.

மாயவன் எழுந்துவிட்டான். ஒரு அடி வைத்தும் விட்டான்.

முன்வரிசையில் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் நாற்காலியை நகர்த்தித் திரும்பிப் பார்த்தார். சிகாமணியின் கை நின்றது. தலை குனிந்தபடி மறுபடி தொடங்கினார். இப்போது சுருதி ஒரு கட்டை இறங்கியிருந்தது. அருள்மொழியின் சுருதி.

மாயவன் உட்கார்ந்தான். பாட்டு நெடுக அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தமில்லாமல். சரணத்துக்கு முன்னால் என் பக்கம் சாய்ந்தான்.

"நல்லாத்தான் பாடறாண்ணா. ட்ரெபிள் ஜாஸ்தியா கீது, மேல போறப்ப கீச்சுன்னு கேக்குது. கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

என் பெட்டியில் எந்தத் திருகைத் தொடுவது என்று அன்றுவரை எவனும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல விட்டதுமில்லை. குறைத்தேன். பையன் குரல் தெளிந்து வந்தது. சனம் கை தட்டியது. மாயவனும் தட்டினான்.