மாட்டுப்பொங்கலன்று மாற்றிய சர்வர்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அது நான் ஒருத்திதான். குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்கு நடவு நட்டு என்னைப் படிக்கவைத்தவள் அம்மா. கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போனபோது, அவளைத் தனியாக விட மனமில்லாமல் பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே வேலை தேடிக்கொண்டேன்.

ஓ.பி. சீட்டு, லேப் ரிப்போர்ட், மருந்து பில் எல்லாம் ஒரே சர்வரில் ஓடின. அதிலிருந்த இயங்குதளத்துக்கு இனி எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் வராது என்று அதைத் தயாரித்த கம்பெனியே அறிவித்துவிட்டது. வைரஸ் புகுந்தால் தடுக்க ஒன்றுமில்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"ஓடுதுல்ல? ஓடுறத ஏம்மா நோண்டுறீங்க?" என்றார்.

எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டர் ஒன்றின் கோப்புகளை எவனோ எங்கிருந்தோ பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகுதான், "வெளி ஆளெல்லாம் வேணாம், நீங்களே பாத்துடுங்க" என்று இறங்கிவந்தார்.

நோயாளிப் பதிவுக்கான மென்பொருளை எழுதிக்கொடுத்த திருச்சிக்காரர் ஆபீசை மூடிவிட்டு சிங்கப்பூர் போயிருந்தார். புதிய இயங்குதளத்தில் அது ஓட மறுத்தது. வேறொரு கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவைத்து, வாரக்கணக்கில் முட்டிமோதி ஓடவைத்தேன். ஓடியதும் அடுத்த தலைவலி. தமிழில் இருந்த பெயர்களெல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தன. அவை பழைய எழுத்துருவில் அடித்தவை. எந்த ரத்தப் பரிசோதனை யாருடையது என்று சொல்ல முடியாது. அவற்றை மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி, பெயர் பெயராகச் சரிபார்த்தேன்.

மாட்டுப்பொங்கலன்று ஓ.பி. கிடையாது. அன்றுதான் மாற்றினேன். "நல்லநாள் அதுவுமா அப்புடி என்னடி வேல?" என்று அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

மறுநாள் வரிசை வழக்கம்போல நகர்ந்தது. எதுவும் மாறியதாக யாருக்கும் தெரியவில்லை. இந்த வேலையில் அதுதான் வெற்றி. மேலாளர் எட்டிப்பார்த்து, "எல்லாம் பழைய மாதிரிதானே இருக்கு? இதுக்கா இத்தன நாளு?" என்றார்.

பங்குனியில் கூப்பிட்டனுப்பினார். புதிய சர்வரை எங்கிருந்து வேண்டுமானாலும் கவனித்துக்கொள்ளலாமாம். சென்னைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைப்பதாக முடிவாம்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. நீங்க நல்லா செஞ்சு வச்சதாலதான் இது முடியுது."

பாராட்டும் வேலைநீக்கமும் ஒரே வாக்கியத்தில் வந்தன. எழுந்து வந்துவிட்டேன்.

பாஸ்வேர்டுகளை நானே போனில் சொல்ல வேண்டியிருந்தது. சென்னைக் கம்பெனி இன்ஜினியர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ரொம்ப நீட்டா இருக்கு மேடம். எந்த கம்பெனி பண்ணாங்க?"

"நான்தான் பண்ணேன்."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க மேடம், அடுத்தது சொல்லுங்க" என்றார்.

கடைசி நாள் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பஸ் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

விஷயத்தைச் சொன்னபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அறுப்பு மிஷின் வயல்ல எறங்குனப்ப எங்கள யாரு கேட்டா?" என்றாள். "படிச்சவங்களுக்கு அப்புடி வராதுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."



சென்னையில் சீக்கிரமே வேலை கிடைத்தது, சம்பளமும் கூடுதல். அம்மா வர மறுத்துவிட்டாள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று இப்போது யாராவது சொன்னால், பேச்சை முடிக்காமலே எழுந்து போய்விடுகிறேன்.