பத்துக் கிலோ கோழியும் நாற்பது நாளும்

அந்த அட்டை என்னுடையதல்ல, எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவினுடையது. மண்டபங்களில் நடக்கும் பிறந்தநாளுக்கும் பெரியபிள்ளையான பெண்களின் சாமத்திய வீட்டுக்கும் சமைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். அதை நகரசபையில் முறைப்படி பதிந்து வைத்திருந்தார். இங்கே ஜெர்மனியில் மொத்த விற்பனைக் களஞ்சியங்களுக்குள் நுழையும் அட்டையைப் பெற அப்படிப் பதிந்த தொழில் ஒன்று வேண்டும். அட்டைக்குக் காசு இல்லை, ஆனால் எங்களைப் போல மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது. அட்டை வைத்திருப்பவர் தன்னோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். போன தை மாதத்திலிருந்து அந்த ஒருவர் நான்.

அதே மாதம்தான் கடிதமும் வந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவியாளருக்கான இரண்டு வருடப் படிப்பில் எனக்கு இடம் இருக்கிறது, சித்திரை முடிவதற்குள் சம்மதம் எழுத வேண்டும் என்று. படிக்கும் காலத்தில் சம்பளம் இல்லை. ஊரில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வந்த நான், அப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் விடியற்காலையில் குப்பைக் கூடைகளை வெறுமையாக்கிக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு ஆகவில்லை. கடிதத்தை மூன்று நாள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். கிடைக்காமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

கணவர் வாசித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். பிறகு கைபேசியை எடுத்து வங்கிக் கணக்கைப் பார்த்தார். அவர் வேலை செய்யும் கருவித் தொழிற்சாலையில் மேலதிக நேர வேலையை நிறுத்தியிருந்தார்கள்.

“அரசாங்கம் தாற உதவியையும் சேத்துப் பாத்தாச்சு,” என்றார். “சாப்பாட்டுச் செலவிலை மாசம் நூற்றைம்பது யூரோ குறைஞ்சால் நீர் போகலாம். வேறை ஒண்டிலும் கைவைக்க ஏலாது.”

மூன்று மாதம் இருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை நான் தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். களஞ்சியத்துக்குள் குளிராக இருந்தது. தள்ளுவண்டில் எங்கள் குளியலறை அளவு. ஒவ்வொரு விலையையும் பார்த்து, எங்கள் வீதிக் கடை விலையோடு ஒப்பிட்டு, குறைவாக இருந்தால் மட்டும் எடுத்தேன். பத்து லீற்றர் எண்ணெய், பத்துக் கிலோ வெங்காயம், ஐந்து கிலோ தயிர் வாளி, தகரத்தில் அடைத்த இரண்டரைக் கிலோ தக்காளி ரின் நான்கு, மகனுக்கு அணையாடை ஒரு பெரிய பெட்டி. எல்லாம் மலிவு. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காசாளரிடம் வந்தபோது நான் கூட்டி வைத்திருந்ததைவிடப் பதினொரு யூரோ கூடுதலாக வந்தது.

“நீர் எந்த எழுத்தைப் பாத்தனீர்?” என்று அக்கா கேட்டார்.

“பெரிய எழுத்தை.”

“அது வரி சேராத விலை. எங்களைப் போலை யாவாரிமாருக்கு. அரசாங்கம் எனக்கு வரியைத் திருப்பித் தரும், உமக்கு ஆர் தாறது? கீழை பொடி எழுத்திலை கிடக்கு பாரும், அதுதான் நீர் குடுக்கிற காசு.”

எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். எதையாவது திருப்பி வைக்கலாமா என்று யோசித்தேன். எதை என்று தெரியவில்லை. அக்கா தானே காசைக் கட்டி, விலைச்சிட்டையைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு, “சில்லறை கிடக்கட்டும், வட்டமாத் தாரும்,” என்றார். அந்தச் சில்லறைக்காக அன்று பின்னேரம் அவருடைய சமையற்கூடத்தில் இருந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் சும்மா எழும்பி வர முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் உரித்தேன். அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது.

தயிர் ஐந்து நாளில் புளித்தது. மோராக்கினோம், சொதியில் விட்டோம், கடைசிக் கால்வாளியை நான் யாரும் வீட்டில் இல்லாத நேரம் தொட்டியில் ஊற்றினேன். மகன் அணையாடையின் அடுத்த அளவுக்கு வளர்ந்துவிட்டான். தக்காளி ரின் ஒன்றைத் திறந்தால் மூன்று நாளைக்கு வீட்டில் எல்லாம் சிவப்பு. பிறிட்ஜின் மேலே உள்ள உறைதட்டில் எதுவும் கொள்ளவில்லை. அக்காதான் வீடு மாறிப் போகும் ஒருவரிடமிருந்து அறுபது யூரோவுக்கு ஒரு பிறீசர் பிடித்துத் தந்தார். “இறைச்சியிலைதான் லாபம் இருக்கு. பிறீசர் இல்லாமல் உந்த அட்டையாலை ஒரு பிரயோசனமும் இல்லை, பிள்ளை,” என்றார். கணவரும் இன்னொருவரும் அதை நிலவறைக்கு இறக்கினார்கள். எங்கள் மின்மானியில்தான் ஓடியது. அதற்கு எவ்வளவு மின்சாரம் போகும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறீசர் வந்தபின் களஞ்சியத்துக்குப் போன முதல் சனிக்கிழமைதான் அந்தக் கோழிப்பெட்டியை வாங்கினேன். பத்துக் கிலோ கோழிக்கால், ஐஸ் போட்டு மூடிய பெட்டி. பொடி எழுத்தில் பார்த்தாலும் கடையைவிடக் கிலோவுக்கு ஒரு யூரோவுக்கு மேல் குறைவு. சனியும் ஞாயிறும் அதைத் தோலுரித்து, துண்டு போட்டு, ஒருநேரக் கறிக்கு ஒரு பை என்று பதினாறு பை கட்டினேன். விரல் மடங்கவில்லை. ஆனால் பிறீசரின் கதவை மூடும்போது, கடைசியில் ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் கணவர் கேட்டார்:

“நாளைக்கு விபூதிப் புதன் எல்லே, தவக்காலம் தொடங்குது. காலமைப் பூசைக்குப் போவமோ, பின்னேரத்துக்கோ?”

நான் கரண்டியை வைத்தேன்.

“என்னப்பா?”

“கோழி,” என்றேன்.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. “பத்துக் கிலோவுமோ?”

“பத்துக் கிலோவும்.”

அவருடைய வீட்டில் தவக்காலம் நாற்பது நாளும் மச்ச மாமிசம் இல்லை, முட்டையும் இல்லை. மன்னாரில் இருந்த காலத்திலிருந்து அப்படி. என் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். கலியாணத்துக்குப் பிறகு நான் அவர்களுடைய முறையைத்தான் பிடித்து வருகிறேன், ஒரு வருடமும் தவறியதில்லை. அந்தக் கிழமைதான் மகளுக்குப் பாலர் பள்ளிக் களியாட்டத்துக்குப் புள்ளி வண்டு வேடம் போட்டு, கன்னத்தில் கறுப்புப் பொட்டும் வைத்து அனுப்பியிருந்தேன். களியாட்டம் முடிந்தால் தவக்காலம் என்பது இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். நான் கிலோ விலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கணவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் இருந்தார். “சரி விடும். கோழியும் எங்களோடை சேந்து ஒறுத்தல் இருக்கட்டும்,” என்றார். நானும் சிரித்திருக்கலாம். ஆனால் மாசி மாதத்தின் சாப்பாட்டுக் காசில் ஒரு பெரிய பங்கு நிலவறையில் உறைந்து கிடந்தது, இனி நாற்பது நாளைக்குச் சமைக்க வேறு வாங்க வேண்டும்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து இரண்டு மூன்று குடும்பம் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வருவது வழக்கம். தேவாலயத்திலிருந்து நடக்கிற தூரம். முன்பெல்லாம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் போதும். இந்த முறை வாசல் நடையில் வெங்காயச் சாக்கும் பத்து லீற்றர் எண்ணெய்க் கானும் நின்றன. வைக்க வேறு இடம் இல்லை.

“உவள் பிள்ளை படிக்கப் போறாள் எண்டு கேள்விப்பட்டன், பாத்தால் கடை திறக்கப் போறாள் போலை,” என்றார் வந்தவர்களில் ஒரு மாமி, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் போகும்போது கணவர் என் காதுக்குள், “கிடக்குதுதானே, ஒரு பையிலை போட்டுக் குடுத்து விடும்,” என்றார். வெங்காயம் முளைவிடத் தொடங்கியிருந்தது. கொடுத்தேன். மாமிக்குக் கொடுத்தால் மற்றவருக்கும் கொடுக்க வேண்டும். தக்காளி ரின் ஒன்றும் போனது. ஒரு கிலோ வெங்காயம் வாங்கும் வீட்டில் யாரும் வெங்காயத்தைப் பார்ப்பதில்லை. பத்துக் கிலோ கிடக்கும் வீட்டில் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப முடியவில்லை. மாமி மறுத்தார், நான் வற்புறுத்தினேன். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

தவக்காலத்தின் இரண்டாம் கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தார். அவருடைய அம்மாவுக்குச் சுகமில்லை. “ஊருக்குப் போறன், வர ஒண்டரை மாசமாகும். அட்டையைத் தந்திட்டுப் போகவும் ஏலாது பிள்ளை, என்ரை மூஞ்சை எல்லே அதிலை கிடக்கு.”

செலவைக் குறைத்துப் பார்க்கும் சோதனை அத்தோடு குழம்பிவிட்டது என்று நினைத்தேன். மூன்று மாதம் முயன்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன், பாதியும் முடியவில்லை. பங்குனி முழுக்க, மேலே தண்டவாளத்தில் தொங்கி ஓடும் எங்கள் ஊர்த் தொங்கு ரயிலின் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் உள்ள மலிவுக் கடையில்தான் வாங்கினேன். வேலை முடிந்து மகனைக் கூட்டிக்கொண்டு வரும் வழி. அவன் நடக்க மாட்டேன் என்று ஒரு கையில் ஏறிவிடுவான். மற்றக் கையில் கொள்கிறதை மட்டும் வாங்க முடிந்தது. ஒரு முட்டைக்கோவா, ஒரு பை உருளைக்கிழங்கு, உறைந்த கீரைக் கட்டி ஒன்று. அது முடிந்தபின் அடுத்தது. பருப்பு, சொதி, புட்டு, கோவா வறை, திரும்பப் பருப்பு.

“அம்மா, இண்டைக்கும் பருப்போ?” என்று மகள் கேட்பாள்.

பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்தேன், பால் கொடுத்தேன். இருந்தும் ஒவ்வொரு முறை அவள் அப்படிக் கேட்கும்போதும், என் படிப்புக்காக அவளுடைய தட்டிலிருந்து எதையோ எடுக்கிறேன் என்று தோன்றியது. அந்த மாதம் அவளுக்கு ஐந்து வயதுப் பரிசோதனை இருந்தது. பிள்ளை வைத்தியர் நிறுத்துப் பார்த்து, அவளுடைய வளர்ச்சியைக் குறிக்கும் மஞ்சள் புத்தகத்தில் ஒரு புள்ளி போட்டார். அது முந்திய புள்ளிகளின் வரிசையில்தான் இருந்தது. “நன்றாகச் சாப்பிடுகிறாளா?” என்று கேட்டார். ஓம் என்று சொல்வதற்கு முன் நான் மகளைப் பார்த்தேன். அவள், தான் நிறையப் பருப்புச் சாப்பிடுவதாக ஜெர்மன் மொழியில் அவருக்குச் சொன்னாள். மிக நல்லது என்றார் அவர். படிக்கட்டில் இறங்கும்போது அந்தப் புத்தகத்தைத் திறந்து புள்ளியை இன்னொரு முறை பார்த்தேன்.

பெரிய வெள்ளிக்கு முன், ஒரு பின்னேரம், கணவர் கைபேசியோடு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார்.

“இஞ்சை பாரும். தையிலை ஒண்டும் குறையேல்லை. மாசியிலை நாப்பது கூட. பிறீசர்க் காசு அதுக்கு வெளியிலை. பங்குனியிலை நூற்றெழுபது குறைவு.”

நான் இரண்டு முறை பார்த்தேன். ஏதோ ஒரு சிட்டையை அவர் விட்டுவிட்டார் என்று நினைத்து, நானே முதலிலிருந்து கூட்டினேன். அதே தொகைதான் வந்தது.

“அக்கா இல்லாத மாசம்,” என்றேன்.

“கோழி இல்லாத மாசம்,” என்றார் அவர்.

சந்தோஷம் வரவில்லை. தையிலும் மாசியிலும் தூக்கிய சாக்கும், உரித்த வெங்காயமும், கட்டிய பைகளும்தான் நினைவில் வந்தன. அந்த அட்டை வெல்ல வேண்டும் என்று நான் விரும்பியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அப்ப ரெண்டு வருசமும் தவக்காலமோ?” என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். “நாப்பது நாளிலை ஞாயிறு சேராதெண்டு சாமி சொல்லுறவர். எங்கடை வீட்டிலைதான் ஞாயிறும் சேத்துப் பிடிக்கிறது. உயிர்த்த ஞாயிறு முடிய, ஞாயிறிலை ஞாயிறிலை இறைச்சி சமைப்பம். மற்ற நாள் இப்பிடியே போகட்டும்.”

“ஆக்கள் வந்தால்?”

“தேத்தண்ணி.”

“வெறுங்கையோடையோ விடுறது?”

அவருக்கும் அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

உயிர்த்த ஞாயிறன்று நான்கு பை கோழி சமைத்தேன். வெள்ளிக்கிழமைக் குடும்பங்கள் எல்லாரும் வந்தார்கள். மாமி இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டு, கறி நன்றாக உறைத்திருக்கிறது என்றார். போகும்போது நான் யாருக்கும் ஒன்றும் கட்டிக் கொடுக்கவில்லை. கதவடியில் நின்று கையைப் பிசைந்தேன். யாரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. நினைத்திருப்பார்களோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அடுத்த கிழமை அக்கா திரும்பி வந்து, தொலைபேசியில் அழைத்தார்.

“சனிக்கிழமை போறன். ஒன்பது மணிக்குக் கீழை இறங்கி நில்லும்.”

“அக்கா, நான் இனி வரேல்லை. கொஞ்ச நாளைக்கு.”

“ஏன், என்னிலை ஏதும் கோவமோ?” என்றார்.

“ஐயோ இல்லையக்கா. அந்த வண்டில் எனக்குச் சரிவராது. இடம் இருக்கெண்டு கண்டதையும் தூக்கிப் போடுறன்.”

“அதை நான் முதல் நாளே கண்டனான். தயிர் வாளியைத் தூக்கேக்கையே நினைச்சன், இந்தப் பிள்ளை கெட்டுது எண்டு.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“சொன்னால் எனக்கு வெங்காயம் உரிக்க ஆர் வாறது?” என்றார். சிரித்துவிட்டுக் கேட்டார், “அப்ப படிக்கப் போறீரோ?”

“ஓம் போலை.”

“போலையோ? போறன் எண்டு சொல்லும் பிள்ளை.”

அன்றே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். பேனாவை எடுத்த பிறகும், பங்குனிக்கு முப்பத்தொரு நாள், அதில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவில்லை, வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு ஓடியது. அதை முடிக்காமல் கடிதத்தை மடித்தேன். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் மஞ்சள் தபால் பெட்டியில் போட்டேன். வரும் வழியில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கினேன்.

நிலவறையில் பன்னிரண்டு பை மிச்சம் இருந்தது. ஞாயிறுக்கு ஒன்றாக எடுத்தால் ஆனிக் கடைசியில் முடியும், படிப்பு ஆவணியில்தான் தொடங்குகிறது. முடிந்ததும் பிறீசரைக் கழற்றி, வாங்கிய அறுபதுக்கே விற்றுவிடலாம் என்று கணவர் சொன்னார். ஐம்பதுக்குத்தான் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். நாற்பத்தைந்துக்குப் போனது.