இரண்டு வரிக்காகத் திருத்தணி வரை

திருத்தணிக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் எல்லோரும் “தரிசனம் நல்லா கிடைச்சுதா?” என்றுதான் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. நான் மேலே போகவே இல்லை. மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, குரங்கு கடித்த ஒரு பூக்காரரைத் தேடிப் போனேன், அறுபது படி ஏறினேன், திரும்பி வந்தேன். கோயிலைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். ரயில், பஸ் விவரம் அங்கே இருக்கிறது.

வழக்கமாக என் பயணங்களுக்குக் காரணம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இதற்குச் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஒரு செவிலியர் கல்லூரியில் நான் நூலகர். இங்கே படித்துவிட்டுக் கிராமங்களில் வேலை பார்க்கும் பழைய மாணவிகளுக்கு மாதம் ஒரு தாள் அனுப்புகிறேன். புதிய ஆய்வுகள், மாறிய சிகிச்சை முறைகள் எல்லாம் ஆங்கிலத்தில் ஐம்பது அறுபது பக்கமாக வரும். வீடு வீடாக அலைகிற ஒரு நர்ஸ் அதை எப்போது படிப்பார்? நான் படித்து, தமிழில் சுருக்கி, வாட்ஸாப்பில் போடுவேன். ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இரண்டாவது பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் லோகேஸ்வரி போன் செய்தார். கே.ஜி.கண்டிகையில் கிராம சுகாதார செவிலியர், என் பழைய மாணவி. புதன்கிழமை தடுப்பூசி நாள். அது முடிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

“மேடம், போன மாசத் தாளு ரொம்ப உதவியா இருந்துச்சு. எங்க ஊரு குமாரி அக்கா மலைப் படியில பூ விக்கிறாங்க. வெள்ளிக்கிழமை குரங்கு கடிச்சிடுச்சு. ஊசிக்கு அலைஞ்சா பொழப்பு போயிடுமேன்னு அழுதுகினு வந்தாங்க. சோப்பு போட்டுக் கழுவி விட்டேன். அப்புறம் உங்க தாளைப் பாத்துட்டு, அந்தக் குரங்கு பத்து நாள் நல்லா இருந்தா ஊசியே வேணாம்னு சொன்னேன். தினமும் பாத்துகினுதான் இருக்காங்க.”

பத்து நாள் பார்க்கும் விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். அதிலும் முதல் ஊசியை உடனே போட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். குரங்குக்கு அந்த விதியே கிடையாது. கடித்தால் உடனே ஊசியைத் தொடங்கி எல்லாத் தவணையும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் அதன் பிறகு காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருந்தேன். முதல் பிரதியில் இரண்டு வரி இருந்தது: ஒன்று, நாய் பூனைக்கு மட்டும் என்பது, இன்னொன்று, முதல் ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது என்பது. பக்கம் இரண்டு வரி நீண்டுவிட்டது. எழுத்தைச் சின்னதாக்கினால் படிக்க முடியாது என்று அந்த இரண்டையும் வெட்டிவிட்டேன். மிஞ்சியது, “கடித்த விலங்கு பத்து நாள் நலமாக இருந்தால் ஊசி தேவையில்லை.”

போனிலேயே உண்மையைச் சொன்னேன். பிறகு, “தாளுல அப்பிடி இல்லியே மேடம்” என்றார். இல்லைதான், நான் வெட்டிவிட்டேன் என்றேன். “சரி மேடம், பாக்கறேன்” என்று வைத்துவிட்டார். அதன் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எல்லோருக்கும் திருத்தம் அனுப்பினேன். அதற்கு அவரிடமிருந்து நீல டிக் வரவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் காலை 6.10-க்கு சென்ட்ரலில் திருத்தணி போகும் புறநகர் ரயிலில் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தும் திருவள்ளூர் வரை வாசல் பக்கம் நின்றுகொண்டே வந்தேன். நின்றால் வண்டி வேகமாகப் போகும் என்று ஏதோ ஒரு மூட நம்பிக்கை. அரக்கோணத்தில் பதினான்கு நிமிடம் நிறுத்திப் போட்டுவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் பொறுமையாக இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். அவர் மீது எனக்கு ஏன் கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. 8.25-க்குத் திருத்தணி.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் மறித்தார். “மலைக்கு நூறு ரூபா குடுங்க, வாசல்லயே எறக்கி விட்டுடறேன்.”

“மலைக்கு இல்லீங்க. கே.ஜி.கண்டிகை பஸ் எங்க நிக்கும்?”

“இன்னாம்மா, இவ்ளோ தூரம் வந்துட்டு சாமி பாக்காம கண்டிகைக்கா போறீங்க?” என்று சிரித்தார். பஸ் நிலையத்துக்கு முப்பது ரூபாய் வாங்கினார். நடந்தால் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்தை என்னால் தாங்கியிருக்க முடியாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் கணக்குப்படி பத்து கிலோமீட்டர், அரைமணி நேரம். வழி நெடுக, லோகேஸ்வரி போனை எடுக்காததற்காக அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

துணை சுகாதார நிலையத்தில் அவர் ஸ்கூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தாலே தூங்காதது தெரிந்தது. நேற்று என்னிடம் பேசி முடித்ததும் குமாரி வீட்டுக்கு ஓடியிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. பொதட்டூர்பேட்டையில் நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருபது கிலோமீட்டர் ஸ்கூட்டியில் அங்கேயும் போயிருக்கிறார். எந்தத் தெரு, யார் வீடு என்று தெரியாமல் தறிச் சத்தத்துக்கு நடுவே விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. குமாரி ஊர் திரும்பி, விடிந்ததும் பூக்கடைக்குப் போய்விட்டார் என்று காலையில்தான் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் திட்டியதை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

சுவரில் என் தாள்கள். மாதவாரியாக, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டி வைத்திருந்தார். என் எழுத்தை யாரும் அப்படி மதித்துப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அதைப் பார்க்கவே கூசியது.

“குமாரியம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். தப்பு என்னுது” என்றேன்.

“உங்கள யாருக்கு மேடம் தெரியும் இங்க?” என்றார். கோபம்தான், ஆனால் குரலை உயர்த்தவில்லை. “பதினோரு வருஷமா இருக்கேன். பெரிய டாக்டரு சொன்னாக்கூட, சிஸ்டர ஒரு வார்த்த கேட்டுகினு வரேன்னு வருவாங்க. நான் சொன்னா மறுபேச்சு கெடயாது. இப்ப நானே போயி மாத்திச் சொல்லணும். இனிமே மாத்திர சாப்டுன்னு சொன்னா, நாளைக்கு வேற சொல்லுவாங்கன்னு வுட்டுடுவாங்க.”

அவருக்குப் பின்னால் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மலையடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு ஏறினோம். அறுபதாவது படிக்குப் பக்கத்தில் ஓரமாகக் குமாரியின் கடை: ஒரு மூங்கில் தட்டு, நனைத்த சாக்கு, அதில் மல்லியும் கதம்பமும். நாற்பது வயது இருக்கும். இடது முழங்கைக்குக் கீழே இரண்டு பல் பதிந்த காயம் காய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாக, “வாங்க சிஸ்டர், ஆறு நாளாச்சு, அது கல்லு மாதிரி கீது. தோ பாருங்க” என்று கைப்பிடிச் சுவரைக் காட்டினார். காது கிழிந்த ஒரு குரங்கு அங்கே உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் லோகேஸ்வரி சொல்லிவிட்டார். “அக்கா, நான் சொன்னது தப்பு. கொரங்குக்கு அந்தக் கணக்கு கெடயாது. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வரணும்.”

குமாரியின் முகம் மாறியது. “இன்னா சிஸ்டர், அன்னிக்கு ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு? அதுக்கு நோவு இருந்தா எனக்குத் தெரியாதா? அஞ்சு வருஷமா பாத்துகினு கீறேன் அத்த.”

பழியை லோகேஸ்வரி ஏற்றுக்கொண்டுவிட்டார். நான் ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். பிறகு, “அம்மா, சிஸ்டர் மேல தப்பு இல்ல. அவங்க படிச்ச தாளை எழுதினது நான். முக்கியமான ரெண்டு வரிய நான்தான் எடுத்துட்டேன்” என்றேன். பையிலிருந்த தாளையும் காட்டினேன்.

குமாரி வாங்கினார். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, மேலிருந்து கீழே வரை படித்தார். “இதுல கொரங்குன்னே இல்லியே?”

“நாய் பூனைக்கு மட்டும்னு ஒரு வரி இருந்துச்சு. அதைத்தான் வெட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“எடம் பத்தல.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க நான் தயாராக இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தார். “யாரு தப்புன்னு நீங்க ரெண்டு பேரும் அப்பறமா பேசிக்குங்க. நான் போயிட்டா பூவ யாரு பாக்கறது? வெயில் ஏறினா கருகிப் பூடும்.”

“நான் பாத்துக்கறேன்” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல.

இப்படியாக, 10.40 முதல் திருத்தணி மலைப்படியில் நான் பூ விற்றேன். அவர்கள் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். முழம் போடத் தெரியாது எனக்கு. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் “மூர எந்த?” என்று தெலுங்கில் முழம் விலை கேட்டது. விரலைக் காட்டி விலை சொல்லி, கையை நீட்டி அளந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து இன்னும் ஒரு சாண் இழுத்து அளந்துகொண்டு போனார். வரிசையில் நிற்கிறார்களா, மருந்து இருக்குமா, குமாரி பாதியில் எழுந்து வந்துவிடுவாரா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். தண்ணீர் தெளிக்க மறந்து, ஞாபகம் வந்து, சாக்கே மிதக்கும் அளவுக்குத் தெளித்தேன். காது கிழிந்தது நாலு படி தள்ளி வந்து உட்கார்ந்தது. எங்கிருந்து பார்த்தாலும் ஆரோக்கியமான குரங்குதான். அதன் ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுலபமாகத் தைரியம் கொடுக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

1.50-க்குத் திரும்பினார்கள். குமாரி கையில் நான்கு தேதி எழுதிய அட்டை: இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். எல்லாம் இலவசம். “ரெண்டு கைலயும் ஊசி சரி. காயத்த சுத்தி ஒரு மருந்து போட்டாங்க பாருங்க, உயிரு பூட்ச்சு” என்றார். சாக்கைத் தூக்கிப் பார்த்து, “பூவுக்குத் தண்ணி தெளிக்கச் சொன்னா குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க” என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று சமாளித்தேன்.

லோகேஸ்வரி இன்னும் முழுதாகச் சிரிக்கவில்லை. இறங்கும்போது, “மேடம், தாளை நிறுத்திடாதீங்க. ஆனா இனிமே எதை வெட்டினீங்களோ, அத்த கீழ எழுதிடுங்க. ‘இது முழுசா இல்ல, இன்னின்னது வுட்டிருக்கேன்’னு. நாங்க கேட்டுக்கறோம்” என்றார். இருபது வருட நூலக வேலையில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. இந்த மாதத் தாள் இரண்டு பக்கம். கடைசியில் விடுபட்டவை என்று ஒரு பட்டியல். அறுபத்திரண்டு பேருக்கும் நானே போன் செய்து, படித்தார்களா என்று கேட்டுவிட்டேன். ஏழு பேர் எடுக்கவில்லை. அந்த ஊர்களுக்கும் பஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: காலை ஆறு மணி வாக்கில் கிளம்பினால் எட்டரைக்குள் இறங்கிவிடலாம். நேரடி வண்டி இல்லாவிட்டால் அரக்கோணத்தில் மாறிக்கொள்ளலாம், அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். கிருத்திகையிலும் செவ்வாய்க்கிழமையிலும் கூட்டம் அதிகம். படியில் தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறாதீர்கள். குரங்கு கடித்தாலோ ரத்தம் வரப் பிராண்டினாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். குரங்கு நலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இந்தப் பத்தியில் நான் விட்டது: ஏற்கெனவே இந்த ஊசி போட்டவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் தவணை வேறு. அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசிக் குறிப்பு குமாரி சொன்னது. கிளம்பும்போது ஒரு முழம் மல்லியைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டார்: “இந்த ஊசியும் தப்புன்னு நாளைக்கு ஒரு தாளுல வந்தா இன்னா பண்ணுவீங்க?”

“வந்து சொல்லுவேன்.”

“இதே மாதிரியா?”

“ஆங். இதே மாதிரிதான்.”

அவர் சாக்கில் மிஞ்சிய தண்ணீரைப் பிழிந்து விட்டார். “அப்ப காலைலயே வாங்க” என்றார். “மதியானத்துல படி சுடும்.”