எக்கோ வேண்டாம் என்றால் கேட்கிறாரா?

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு செய்ய, கம்ப்யூட்டரில் இலவச மென்பொருளைப் போட்டுவிட்டேன். மைக் மட்டும்தான் பாக்கி.

இன்று கும்மிடிப்பூண்டி பஜாரில், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் போடுகிறவர் கடைக்குப் போனேன்.

"அண்ணே, விலை கம்மியா, குரல் சுத்தமா பதிவாகிற மாதிரி ஒரு மைக் குடுங்க."

"இத்த எடுத்துக்கினு போ நைனா. பேசினா ஆரம்பாக்கம் வரைக்கும் கேக்கும்."

"கம்ப்யூட்டர் வரைக்கும் கேட்டாப் போதும்ணே. ரூமுக்குள்ளதான் பாடப் போறேன்."

"ரூமுக்குள்ள பாட்றதுக்கு மைக் இன்னாத்துக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அதை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, எக்கோவை முழுதாக ஏற்றி, "ஹலோ, மைக் டெஸ்டிங்!" என்று அலறினார். எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

எக்கோ வேண்டாம் என்றேன். சாம்பாரில் உப்பு வேண்டாம் என்றவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வேறு கடை இல்லாததால் அதையே வாங்கிவந்தேன். தெருமுனையில் பக்கத்து வீட்டு அக்கா மடக்கினார்.

"மைக்கெல்லாம் வாங்கிக்கினு போற. ஊட்ல இன்னா விசேஷம்? சொல்லவேயில்ல?"

ரெக்கார்டிங் என்றால் என்னவென்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி சரி. பொண்ணு எந்த ஊரு?"

மைக்குக்கே கல்யாணம் என்றால், அடுத்து ஹெட்போன் வாங்கும்போது வளைகாப்பா?

வீட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிற புண்ணியவான்களே, நீங்களெல்லாம் என்ன விசேஷம் என்று சொல்லித் தப்பித்தீர்கள்?